படபடக்கும் நெஞ்சும் பூசலார் கட்டிய கோயிலும்

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் புறநகர் ரயிலில், ஆவடியைக் கடந்தபின் இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று நிலையங்கள் வரிசையாக வரும். அடுத்து வருவது திருநின்றவூர். பேச்சு வழக்கில் 'தின்னனூர்' என்பார்கள். சென்னையிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவுதான். ஒரு பக்கம் பெரிய ஏரி, மறுபக்கம் நாளுக்கு நாள் பெருகும் வீடுகள் என்று நகரம் ஊரைச் சூழ்ந்துகொண்டு வருகிறது. ஆயினும் ஊரின் உள்ளே நடந்து சென்றால், சைவமும் வைணவமும் அருகருகே வேர் ஊன்றி நிற்கும் ஒரு பழம்பதியில் இருக்கிறோம் என்பது புலனாகும்.

திருவாகிய மகாலட்சுமி, வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற ஊர் ஆகையால் 'திரு நின்ற ஊர்' ஆயிற்று என்பது தலபுராணம். அவளைத் திரும்ப அழைக்க வந்த சமுத்திரராஜன், தன் மகள் என்றும் பாராமல் 'என்னைப் பெற்ற தாயே' என்று கைகூப்பி அழைத்தானாம். அதனால் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாரின் திருநாமமே 'என்னைப் பெற்ற தாயார்' என்பதாகும். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்விய தேசம் இது.

இந்த ஊரின் மற்றொரு பெருமை, சிவபெருமான் இங்கே இருதயாலீஸ்வரர் என்ற திருநாமத்தோடு எழுந்தருளியிருப்பது. அம்பிகை மரகதாம்பிகை. இருதயமாகிய ஆலயத்தில் உறைபவர் என்பது சுவாமியின் பெயருக்குப் பொருள். பெயரிலேயே இருதயம் இருப்பதால், நெஞ்சு நோய் உள்ளவர்கள் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் இந்தச் சந்நிதியைத் தேடி வருகிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும், சிகிச்சை முடிந்து நன்றி சொல்ல வந்தவர்களும் ஒரே வரிசையில் நிற்பதை இங்கே காணலாம். இவர்களுக்கு நடுவே, இன்ன நோய் என்று பெயர் சொல்லத் தெரியாமல், 'நெஞ்சு திடீர் திடீரென்று படபடக்கிறது' என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்களுள் அடியேனும் ஒருவன்.

இல்லாத கோயிலைத் தேடி வந்த அரசன்

பூசலார் நாயனாரின் வரலாற்றை அன்பர்கள் அனைவரும் அறிவீர்கள். என்றாலும் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அதைச் சொல்லிச் செல்லும் முறையில், நாம் வேகமாகக் கடந்துபோய்விடும் சில இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, பூசலார் எடுத்த எடுப்பிலேயே மனத்துக்குள் கோயில் கட்டத் தொடங்கிவிடவில்லை. சிவனுக்குக் கல்லால் கோயில் எடுக்க வேண்டும் என்றுதான் அவர் விரும்பினார். அதற்காகப் பொருள் தேடி எங்கெங்கோ அலைந்தார். வெளியே செய்யக்கூடிய முயற்சிகளை எல்லாம் செய்து பார்த்து, எதுவும் கைகூடாத பின்னரே உள்ளத்துக்குள் திரும்பினார்.

இரண்டாவது, உள்ளத்துக்குள் கட்டும்போதும் அவர் அவசரப்படவில்லை. நினைத்த மாத்திரத்தில் கோபுரத்தை நிறுத்திவிட்டுக் கும்பிடலாமே! மனத்தில் கட்டும் கோயிலுக்குக் கூலியா, கல் விலையா? ஆனால் அவர் சிறிது சிறிதாகப் பொருள் சேர்த்தார், தச்சரை வரவழைத்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை எடுத்தார். இரவும் உறங்காமல் ஒவ்வோர் அங்கமாக எழுப்பினார். விமானம், சிகரம், சுதை வேலை, மதில், குளம், கிணறு என்று எதையும் விட்டுவிடாமல் முடித்து, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன், தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்குச் செய்ய இருந்தான். கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலே அது என்று சொல்லப்படுகிறது. முந்தைய இரவு இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, 'நின்றவூரில் அன்பன் பூசல் எடுத்த ஆலயத்தில் நாளை நாம் புகுகிறோம்; உன் விழாவைப் பின்னொரு நாளில் வைத்துக்கொள்' என்று அருளினார்.

மன்னன் திருநின்றவூருக்கு விரைந்து வந்தான். 'பூசலார் கட்டிய கோயில் எங்கே?' என்று கேட்டான். 'அப்படி அவர் கோயில் எதுவும் கட்டவில்லையே' என்றார்கள் ஊரார். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். மன்னன் அந்தப் பதிலோடு திரும்பிப் போயிருக்கலாம். அவன் போகவில்லை. பூசலாரையே நேரில் கண்டு கேட்டான். அப்போதுதான் கோயில் இருக்கும் இடம் உலகத்துக்குத் தெரிந்தது. மன்னன் அந்த அடியாரின் காலில் விழுந்து வணங்கினான்.

'ஊராருக்குத் தெரியவில்லை' என்பதற்கும் 'இல்லவே இல்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு என்ன என்பதை, கடந்த ஓராண்டில் என் உடம்பே எனக்குக் கற்பித்தது.

பத்து வினாடித் தாள்

அடியேனுக்கு வயது 67. வங்கியில் முப்பத்தாறு ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெற்றவன். சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு, உறக்கத்தில் இருந்தபோது யாரோ உள்ளிருந்து கதவைத் தட்டுவதுபோல் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. ஓடவில்லை, மாடி ஏறவில்லை, கெட்ட கனவும் காணவில்லை. காரணமில்லாமல் ஒரு வேகம். கால் மணி நேரம் இருந்துவிட்டுத் தானே அடங்கிற்று. மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குச் சென்றோம். ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள், ரத்தம் சோதித்தார்கள். எல்லாம் சரியாக இருப்பதாகத் தாள்கள் சொல்லின.

பத்து நாள் கழித்து மீண்டும் அதே படபடப்பு. பிறகு மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரே வாரத்தில் இரண்டு முறை. வலி வந்தால் வலி என்று சொல்லலாம். காய்ச்சல் வந்தால் அளந்து காட்டலாம். இது வருவதும் தெரியாது, போனபின் தடமும் இராது. மருத்துவரின் எதிரே அமர்ந்திருக்கும்போது நாடி எழுபத்திரண்டில் சாதுவாக நடக்கும். வீட்டுக்கு வந்து படுத்தால் குதிரையாகும்.

இதன் துன்பம் அந்தக் கால் மணி நேரத்தோடு முடிவதில்லை. மற்ற இருபத்து மூன்றே முக்கால் மணி நேரமும் அதை எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் பெருந்துன்பம். பிரதோஷத்துக்குத் தனியே போவதை நிறுத்தினேன். இரவில் படுக்கை அறைக் கதவைத் தாழிடுவதை நிறுத்தினேன். நள்ளிரவில் நான் எழுந்து உட்கார்ந்தால், விளக்கைப் போடாமலே, "என்னங்க, மறுபடியுமா?" என்பாள் என் மனைவி. அவளும் உறங்கவில்லை என்பது அந்தக் கேள்வியில் தெரியும். நாற்பது ஆண்டுகளாக அவள் ஆசைப்பட்ட காசி யாத்திரைக்குப் பணம் ஒதுக்கி வைத்திருந்தோம். அதைப் பற்றிய பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று.

இருதய மருத்துவர் இளைஞர், பொறுமையானவர். "எல்லாம் நார்மல் என்கிறீர்கள். அப்படியானால் எனக்கு வருவது என்ன?" என்று கேட்டேன். அவர் ஈசிஜி தாளை என் பக்கம் திருப்பிவைத்து, "சார், இந்தத் தாளில் இருப்பது சுமார் பத்து வினாடிதான். அந்தப் பத்து வினாடியில் உங்கள் இதயம் ஒழுங்காகத் துடித்திருக்கிறது. மற்ற நேரத்தைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது" என்றார்.

ஊரார் மன்னனுக்குச் சொன்ன பதில் எனக்கு நினைவு வந்தது. அவர்கள் பார்த்த இடத்தில் கோயில் இல்லை. இந்தத் தாள் பார்த்த நேரத்தில் படபடப்பு இல்லை. இரண்டுமே உண்மைதான், ஆனால் இரண்டுமே முழு உண்மை அல்ல.

மருத்துவர் சொன்னவை

அன்று அவர் விளக்கியவை, என் வயதுடைய அன்பர்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓய்வாக இருக்கும்போது மனித இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை துடிப்பது இயல்பு. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு. வலது மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சிறு திசுவிலிருந்து மின்துடிப்பு எழுகிறது. அதுவே தாளம் போடும் இடம். ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் 1907-இல் அதைக் கண்டறிந்து எழுதினார்கள். அதுவரை மனித குலம் முழுவதும், தாளம் போடும் இடம் எது என்று அறியாமலேயே அந்தத் தாளத்தில் வாழ்ந்து வந்திருக்கிறது.

வேகத் துடிப்பில் எல்லாமே ஒன்றல்ல. மெல்ல மெல்ல ஏறி மெல்ல இறங்குவது ஒரு வகை. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு மிகுதி, உடலில் நீர் குறைதல், கவலை ஆகியவற்றால் தாளக்காரனே வேகமாகத் தட்டுவது இது. விளக்கின் பொத்தானை அழுத்தியதுபோல் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்பது இன்னொரு வகை. மின்துடிப்பு குறுக்குவழி ஒன்றில் சுற்றத் தொடங்குவதால் இது நேரும். நிமிடத்துக்கு 150-க்கு மேலும் போகலாம். மூன்றாவது வகையில் வேகத்தோடு ஒழுங்கும் கெட்டுவிடும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். முதியோர் மிகவும் கவனிக்க வேண்டியது இதைத்தான். மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால் ரத்தம் தேங்கி உறையலாம். அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அந்த அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்றார். ஆனால் கண்டுபிடித்துவிட்டால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்டு.

"அதனால் நீங்கள் 'படபடக்கிறது' என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதாது. மூன்று விஷயம் வேண்டும். எப்படித் தொடங்கியது, எப்படி நின்றது, துடிப்பு சீராக இருந்ததா? இவற்றைக் குறித்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

உடம்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுதும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியையும் பொருத்தினார். நார்மன் ஹோல்டர் என்ற அமெரிக்க அறிஞர் உருவாக்கியதால் அதற்கு அந்தப் பெயர். அவர் தொடக்கத்தில் செய்த கருவி, முதுகில் சுமக்க வேண்டிய பெரும் பாரம். இன்று கைக்குள் அடங்குகிறது. ஒரு நாள் போதாவிட்டால், வாரக்கணக்கில் மார்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகளும், தோலுக்கு அடியில் வைத்து ஆண்டுக்கணக்கில் பதிவு செய்யும் சிறு கருவிகளும் உண்டாம்.

கோயிலுக்குப் போகும் நம் போன்றவர்களுக்கென்றே சில வார்த்தைகளும் சொன்னார். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் வரும். நீரும் அருந்தாமல் வெயிலில் வரிசையில் நின்றாலும் நெஞ்சு வேகம் கொள்ளும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினாலும் அப்படியே. சளிக்கு நாமாகவே கடையில் வாங்கிப் போடும் மாத்திரை, இழுப்புக்கு உறிஞ்சும் மருந்து, மாலை வேளையில் கெட்டியாக ஒரு டம்ளர் காபி இவையும் காரணமாகலாம். விரதம் இருப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டு மாத்திரை அளவை மாற்றிக்கொள்வது சாஸ்திர விரோதம் ஆகாது. இயலாதவருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று பெரியோர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். படபடப்போடு மார்வலி, மூச்சு முட்டல், மயக்கம், கைகால் ஒரு பக்கம் வலுவிழத்தல், பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் குறிப்பேடும் வேண்டாம், பிரார்த்தனை முடியட்டும் என்ற தாமதமும் வேண்டாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

சந்நிதியில் சந்தித்த இருவர்

இருதயாலீஸ்வரர் கோயில் பெரிய கோயில் அன்று. காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் பூசலார் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே செல்பவருக்கு, இதன் அளவு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். கருவறையில் ஈசனுக்கு அருகிலேயே பூசலாரும் இருக்கிறார். மூலவரின் மேலே விமானத்தின் உட்பகுதி நான்காகப் பிரிந்திருப்பது இருதயத்தின் நான்கு அறைகளைக் குறிக்கும் என்று அன்பர்கள் சொல்வார்கள். திங்கட்கிழமைகளில் நெஞ்சு நோய் தீர வேண்டிக்கொள்பவர்கள் மிகுதி. நாங்கள் சென்றதும் ஒரு திங்கட்கிழமைதான்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள் அம்பத்தூர்க்காரர், எழுபதைக் கடந்தவர். நான்கு படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று உறவினர் அனைவரும் சொல்லியிருக்கிறார்கள். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் எட்டு கிராம்தான் இருந்தது. முட்டுவலிக்காக ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்ட மாத்திரை வயிற்றில் புண் உண்டாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்திருக்கிறது. "நெஞ்சுல ஒரு குறையும் இல்லைம்மா. பாவம், இல்லாத ரத்தத்தை வெச்சுக்கிட்டு அது ஓடி ஓடிச் சுத்திருக்கு" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். இப்போது குணமாகி நன்றி சொல்ல வந்திருந்தார்.

மற்றொருவர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணி செய்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருக்குப் படபடப்பே தெரிந்ததில்லை. ரத்த அழுத்தம் பார்க்க வந்த செவிலிப் பெண், "ஐயா, நாடி விட்டு விட்டு ஓடுதே" என்று சொன்னதால் கண்டுபிடிக்கப்பட்டது. மேலே சொன்ன மூன்றாவது வகை. இப்போது தினமும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறார். "தெரியாம இருந்தப்போ பயமே இல்லை, ஆபத்து இருந்தது. இப்போ தெரிஞ்சுபோச்சு, ஆபத்து குறைஞ்சுபோச்சு" என்றார்.

இருவர் கதையும் கேட்டபின் அந்தத் தூணோரம் வெகுநேரம் அமர்ந்திருந்தேன். பயத்தின் அளவும் நோயின் அளவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்பது அங்கே எனக்கு விளங்கிற்று. மிகப் பயந்தவருக்குச் சிறு குறை. பயமே இல்லாதவருக்குப் பெரிய ஆபத்து. ஆகவே பயத்தை வைத்து நோயை அளக்கலாகாது. அளப்பதற்கு உரிய கருவிகளால் அளக்க வேண்டும். பயத்தை வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

அனாமத்துக் கணக்கு

பயத்தை எங்கே வைப்பது? வங்கியில் இருந்தவன் ஆகையால் எனக்கு ஒரு வழி தெரியும்.

மாலையில் கணக்கு முடிக்கும்போது, சில நாள் ஒரு தொகை எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று புலப்படாது. அதற்காக வங்கியை இழுத்து மூடுவதில்லை. 'சில்லறைத் தொகைதானே' என்று மறைப்பதும் இல்லை. அதை அனாமத்துக் கணக்கில் எழுதி வைப்போம். தேதி, தொகை, வந்த வழி அனைத்தும் அதில் இருக்கும். குறித்த காலந்தோறும் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு நாள் உரிய ரசீது கிடைக்கும்போது, அது தன் கணக்கில் போய்ச் சேரும். அதுவரை மற்ற வேலைகள் நடந்துகொண்டிருக்கும்.

பெயர் தெரியாத இந்தப் படபடப்பையும் அனாமத்துக் கணக்கில் எழுதினேன். ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், எத்தனை நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து எண்ணிய நாடி, சீரா சீரற்றதா, அதற்கு முன் சாப்பிட்டது என்ன, உறக்கம் எப்படி. எழுதி முடித்ததும் நோட்டை மூடிவிட வேண்டும். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கைக்கடிகாரம் நாடியைக் காட்டும். ஈசிஜி போன்ற கோட்டையும் பதிவு செய்யும். படபடப்பு வரும்போது அதைப் பயன்படுத்தி, பதிவை மருத்துவரிடம் காட்டுகிறேன். மற்ற வேளைகளில் அலமாரியில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பார்வையே நெஞ்சை விரட்டும்.

எழுதிய பிறகும் படபடப்பு உடனே அடங்காது. அப்போது செய்வதைத்தான் திருநின்றவூரிலிருந்து கொண்டுவந்தேன். பூசலார் இரவெல்லாம் உறங்காமல் கோயில் கட்டினார் அல்லவா? என் மனமும் இரவெல்லாம் உறங்காமல் கட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதையும், மகன் விமானத்தில் ஓடி வருவதையும், அவள் தனியே நிற்பதையும் ஒவ்வொன்றாக, ஒரு குறையும் இல்லாமல் எழுப்பிக்கொண்டிருந்தது. மனம் சும்மா இராது, எதையாவது கட்டும். கட்டும் திறமை ஒன்றுதான். கட்டப்படும் பொருள் மட்டும் நம் கையில் சிறிதளவு இருக்கிறது.

ஆகவே இப்போது நானும் ஒரு கோயில் கட்டுகிறேன். சிற்ப சாஸ்திரம் விமானத்துக்கு ஆறு அங்கங்கள் சொல்கிறது. அதிட்டானம், சுவர், பிரஸ்தரம், கழுத்து, சிகரம், கலசம். கட்டிலில் சாய்ந்து அமர்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடும்போது, ஒரு மூச்சுக்கு ஒரு கல் வைப்பேன். கல்லுக்கு ஒரு முறை ஐந்தெழுத்து. மூச்சு நீண்டு வெளிவிடும்போது இதயத்தின் வேகம் சற்றே தணிவது இயற்கை என்று மருத்துவரும் சொன்னார். அதிட்டானத்தின் வரிகள் முடிந்து சுவர் எழுவதற்குள் பெரும்பாலும் நெஞ்சு அமைதியாகிவிடுகிறது. அல்லது உறக்கம் வந்துவிடுகிறது. இதுவரை சிகரம் வைத்ததில்லை. பூசலாருக்கு எத்தனை இரவு ஆயிற்றோ!

இதை நான் மருத்துவத்துக்கு மாற்றாகச் சொல்லவில்லை. பூசலாரே முதலில் வெளியேதான் பொருள் தேடினார் என்பதை மறக்கலாகாது. பரிசோதனைகளைச் செய்துகொண்டு, மருந்து தந்தால் உண்டு, குறித்த நாளில் மறுபடி போய்க் காட்டிவிட்டு, அதன் பிறகு மிச்சமிருக்கும் கவலையைத்தான் இருதயாலீஸ்வரரிடம் ஒப்படைக்கிறேன்.

என் கணக்கு இன்னும் அனாமத்தில்தான் இருக்கிறது. ஹோல்டர் கட்டிய அன்று நெஞ்சு பிள்ளைப் பூச்சிபோல் அடங்கிக் கிடந்தது. கைக்கடிகாரத்தின் பதிவுகள் இரண்டைப் பார்த்துவிட்டு, "வேகம் இருக்கிறது, ஆனால் துடிப்பு சீராக இருக்கிறது. அடுத்து இரண்டு வாரப் பட்டை போட்டுப் பார்ப்போம்" என்றிருக்கிறார் மருத்துவர். பெயர் தெரியும்போது தெரியட்டும். "காசிக்குப் போகலாமா?" என்று கேட்டேன். "நோட்டையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு, தண்ணீர் நிறையக் குடித்துக்கொண்டு, தாராளமாகப் போய் வாருங்கள் சார்" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். மாசி மாதத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம்.

தரிசிக்கச் செல்பவர்களுக்கு

சென்னை சென்ட்ரல் புறநகர் நிலையத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் செல்லும் மின்சார ரயில்கள் பெரும்பாலும் திருநின்றவூரில் நிற்கும். சென்னை–திருவள்ளூர் சாலை வழியாகப் பேருந்திலும் வரலாம். நிலையத்திலிருந்து கோயிலுக்கு ஆட்டோ கிடைக்கும். முதியவர்கள் நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துச் செல்வது நல்லது. இருதயாலீஸ்வரரைத் தரிசிப்பவர்கள், பக்தவத்சலப் பெருமாளையும் என்னைப் பெற்ற தாயாரையும் சேவிக்காமல் திரும்ப வேண்டாம். பூசலார் நாயனாரின் குருபூஜை ஐப்பசி அனுஷ நட்சத்திரத்தில் நடைபெறும்.

கையில் ஒரு குப்பித் தண்ணீர், சட்டைப் பையில் உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர் எழுதிய சீட்டு, உடன் ஒரு துணை இவற்றோடு செல்லுங்கள். சந்நிதியில் நிற்கும்போது ஒரு நிமிடம் கண்களை மூடி, இடது மணிக்கட்டில் வலக்கை விரல்களை வைத்துப் பாருங்கள். நாம் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, நாம் கேட்காமலே நடந்து வரும் பூஜை அது. அது சீராக நடந்தால் நன்றி சொல்லுங்கள். சீராக இல்லை என்று தோன்றினால் பதற்றப்படாமல் தரிசனத்தை முடித்துக்கொண்டு, மறுநாளே மருத்துவரிடம் சென்று காட்டுங்கள். இருதயத்தில் கோயில் கொண்டவன் இரண்டு இடத்திலும் துணை நிற்பான்.